தலைமடையில் நீர்மட்டம்

பதினான்கில் பன்னிரண்டு. 1966-ல் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியிலிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஓடும் தமனியிலும் பக்கத்திலிருக்கும் சிரையிலும் சின்னதாக ஒரு கீறல் போட்டு, இரண்டையும் வாயோடு வாய் வைத்துத் தைத்துவிடும் அறுவையைப் பற்றிய கட்டுரை அது. கீறலின் நீளம் 3 முதல் 5 மி.மீ.தான். 14 பேருக்குச் செய்தார்கள். 12 பேருக்கு நன்றாக ஓடியது. உலகம் முழுக்க டயாலிசிஸ் இன்று நடக்கும் விதத்தை அந்தப் பன்னிரண்டு கைகள்தான் தீர்மானித்தன.

மீதி இரண்டு? அவை ஓடவே இல்லை. தைத்தது தைத்தபடியே அடங்கிப்போயின. பன்னிரண்டைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. இந்த அத்தியாயம் அந்த இரண்டைப் பற்றியது.

முதலில், இப்படியொரு ஒட்டுவேலை எதற்கு? டயாலிசிஸ் இயந்திரத்தின் பம்பு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை இழுக்கிறது. ஒரு தடவை உட்கார்ந்தால் நான்கு மணி நேரம். கணக்குப் போட்டால் 72 லிட்டர், ஐந்தாறு குடம். பெரியவர் ஒருவரின் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான் என்பதால், அதே ரத்தம் திரும்பத் திரும்ப இயந்திரத்துக்குள் போய் வருகிறது. ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடும் முழங்கைச் சிரை இந்த வேகத்துக்குத் தாங்காது. இளநீரின் கடைசி மடக்கை உறிஞ்சும்போது காகிதக் குழல் ஒட்டிக்கொள்கிறதே, அதுபோல அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். தமனியில் வேகம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை பருமனான ஊசியால் குத்தினால் சீக்கிரம் பாழாகிவிடும். வேகம் தமனியுடையதாக இருக்கவேண்டும், இடம் சிரையுடையதாக இருக்கவேண்டும். இந்த இரண்டையும் ஒரே குழாயில் கொண்டுவர முடியாமல் மருத்துவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் திண்டாடினார்கள்.

அந்தத் திண்டாட்டத்தின் முதல் சாட்சி நெதர்லாந்தில், காம்பன் என்ற சிற்றூரில் இருந்தார். 1943 மார்ச் மாதம். நாடு ஜெர்மானியர் பிடியில். வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், சாசேஜ் இறைச்சியைச் சுற்றும் செல்லோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றைச் செய்திருந்தார். அதில் அவர் சிகிச்சை கொடுத்த முதல் நோயாளி 29 வயதுப் பெண், வீட்டுவேலை செய்து பிழைத்தவர். அவருடைய சிறுநீரகங்களைச் சுருங்கவைத்தது கட்டுக்கடங்காத உயர் ரத்த அழுத்தம். இயந்திரம் வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு புது ரத்தக்குழாயைத் திறக்கவேண்டியிருந்தது. பன்னிரண்டு முறைக்குப் பின் திறக்கக் குழாய் மிச்சமில்லை. சிகிச்சை நின்றது, அவரும் பிழைக்கவில்லை. சிறுநீரகத்தைக் கெடுத்தது அழுத்தம், சிகிச்சையை நிறுத்தியது குழாய் இல்லாமை. கோல்ஃபின் முதல் நோயாளியிடமே இந்தப் புத்தகத்துக்கு வேண்டிய இரண்டு கதைமாந்தரும் வந்து நின்றுவிட்டார்கள்.

1960 மார்ச் 9 அன்று சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் ஒரு தற்காலிகப் பதிலைக் கண்டுபிடித்தார். டெஃப்லான் குழாய் ஒன்றைத் தமனியிலும் இன்னொன்றைச் சிரையிலும் செருகி, தோலுக்கு வெளியே இரண்டையும் வளைவாக இணைத்தார். அந்த வளைவோடு முதலில் நடமாடியவர் போயிங் ஆலைத் தொழிலாளி கிளைட் ஷீல்ட்ஸ். அதற்குப் பின் அவர் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு என்றால் சாவுதான் என்ற நிலையை அந்தக் கை மாற்றியது. ஆனாலும் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும் பிளாஸ்டிக்கில் கிருமி ஏறும், ரத்தம் உறையும். ஒரு குழாய் சில மாதங்கள் தாங்கினால் பெரிய விஷயம்.

பிராங்ஸ் மருத்துவமனையின் ஜேம்ஸ் சிமினோ, மைக்கேல் பிரெசியா, அறுவை மருத்துவர் கென்னத் ஆப்பெல் ஆகியோர் பிளாஸ்டிக்கையே தூக்கிப்போட்டார்கள். சிமினோ இளம் வயதில் பெல்வியூ மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். சிரைகளோடு அவருக்கு நல்ல பழக்கம். கொரியப் போரில் குண்டடிபட்ட வீரர்கள் சிலருக்குத் தமனியும் சிரையும் தாமாகவே ஒட்டிக்கொண்டிருந்ததும், அதோடு அவர்கள் வருடக்கணக்காக நடமாடியதும் அவருக்குத் தெரியும். போர் தற்செயலாகச் செய்ததை நாம் ஏன் வேண்டுமென்றே செய்யக்கூடாது? 1965 பிப்ரவரி 19 அன்று ஆப்பெல் முதல் இணைப்பைத் தைத்தார். இதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமனியும் சிரையும் இப்படி ஒட்டிக்கொள்வதை முதன்முதலில் விவரித்தவர் லண்டனின் வில்லியம் ஹண்டர், 1757-ல். அவர் பார்த்த இணைப்புக்குக் காரணம் கெட்ட ரத்தத்தை வெளியேற்றுகிறேன் என்று கத்தி வைத்தவர்கள். முழங்கையில் சிரையைக் கீறும்போது கத்தி ஆழமாக இறங்கி அடியிலிருந்த தமனியையும் குத்திவிட்டது. இரண்டு காயமும் ஒன்றோடொன்று ஆறிப்போனதில் கை கிர்ரென்று அதிர்ந்தது, காதை வைத்தால் சீறியது. ரத்தம் எடுப்பவர்கள் தவறிச் செய்த காயத்தை, இருநூறு ஆண்டுகள் கழித்து, ரத்தம் எடுக்கும் வேலை பார்த்த ஒருவர் சிகிச்சையாக்கிவிட்டார்.

சரி, தையல் முடிந்து கவ்விகளை எடுத்ததும் உள்ளே என்ன நடக்கிறது?

மணிக்கட்டுத் தமனியில் சாதாரணமாக நிமிடத்துக்கு 20 முதல் 30 மில்லி ரத்தம்தான் ஓடும். விரல்களுக்கு அது போதும். விரல்நுனிகளில் இருக்கும் நுண்குழாய்களின் காட்டைக் கடந்துதான் ரத்தம் சிரைக்குப் போகவேண்டும்; அந்தக் காடுதான் தடுப்பணை. ஃபிஸ்டுலா அந்த அணையைத் தாண்ட ஒரு குறுக்குவழி. தமனிக்குள் சராசரி அழுத்தம் 90, 100 பாதரச மி.மீ. இருக்கும், சிரையில் பத்துக்கும் கீழே. இரண்டுக்கும் இடையே இப்போது தடை எதுவும் இல்லை. கவ்வி எடுத்த சில நிமிடங்களில் ஓட்டம் 200, 300 மில்லிக்குத் தாவுகிறது. பத்து மடங்கு. அமைதியாகக் கிடந்த சிரை திடுக்கிட்டு விம்முகிறது. அதன்மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல அதிர்வு. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நிற்காத ஓர் இரைச்சல், ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியபடி. கையைத் தலைக்கு அணைகொடுத்துப் படுக்கும் நோயாளிகளுக்கு இரவு முழுக்க அது கேட்டுக்கொண்டிருக்கும்.

ஓட்டம் வந்துவிட்டது என்பதற்காக உடனே ஊசி குத்திவிட முடியாது. சிரை மெலிந்த சுவர் கொண்டது. அது தடித்து, அகன்று, தமனியின் குணத்தைப் பெறவேண்டும். முதிர்வு என்று இதைச் சொல்கிறார்கள். அமெரிக்கச் சிறுநீரக வழிகாட்டுதல் ஒன்று இதற்கு ஆறுகளின் விதி என்று எளிய சூத்திரம் கொடுத்தது: ஆறு வாரத்தில் நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம், 6 மி.மீ. அகலம், தோலிலிருந்து 6 மி.மீ.-க்கு மேல் போகாத ஆழம்.

சிரையை யார் அகலப்படுத்துகிறார்கள்? அறுவை மருத்துவர் இல்லை. அவர் வாசலைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். ஓட்டமேதான் அகலப்படுத்துகிறது. குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் செல்களை, ஓடும் ரத்தம் உரசிக்கொண்டே போகிறது. உரசல் கூடினால் அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கூடுதலாகச் சுரக்கின்றன, சுவரின் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. விரிந்தால் இன்னும் ஓட்டம் வரும், ஓட்டம் வந்தால் இன்னும் விரியும். வாய்க்கால் வெட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. முதல் தண்ணீர் வேகமாக வந்தால் அதுவே மண்ணை அரித்து வழியைப் பெரிதாக்கிக்கொள்ளும். மந்தமாக வந்தால் வண்டல் படியும். ரத்தத்தில் வண்டல் என்றால் ரத்தக்கட்டி.

தலைமடையில் நீர்மட்டம் இல்லாமல் கடைமடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? இங்கேதான் ரத்த அழுத்தம் வருகிறது.

அழுத்தத்தை முதன்முதலாக அளந்தவர் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்து நிமிர்த்தினார். ரத்தம் குழாயில் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்று ஆடியது. 1733-ல் இதை அச்சிட்டார். எட்டடிக் குழாயோடு வார்டுக்குள் நடமாட முடியுமா? பாரிஸில் ழான் புவாசெயி என்ற மருத்துவர் 1828-ல் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசத்தை நிரப்பினார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால் எட்டடி ஒரு முழத்துக்கும் கீழே சுருங்கிவிட்டது. மருந்துச் சீட்டில் 120-க்கு 80 என்று எழுதும்போது நாம் பேசுவது அவருடைய பாதரசத்தைத்தான்.

அதே புவாசெயி பிறகு மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு, ஓட்டத்தை எது தீர்மானிக்கிறது என்று வருடக்கணக்கில் அளந்தார். கிடைத்த விதி இது: அழுத்த வேறுபாடு இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். திரவம் கெட்டியானால் ஓட்டம் அதே விகிதத்தில் குறையும். ஆனால் குழாயின் ஆரம் இரட்டித்தால் ஓட்டம் பதினாறு மடங்கு ஆகும். அழுத்தத்தை அளக்கும் முறையைக் கொடுத்தவரே அந்த அழுத்தம் என்ன செய்யும் என்ற விதியையும் கொடுத்தது அறிவியல் வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை. ரத்தக்குழாய் கண்ணாடிபோல நேராகவும் விறைப்பாகவும் இருப்பதில்லை, ரத்தமும் தண்ணீர் இல்லை என்பதால் இந்த விதி கையில் அச்சுப்பிசகாமல் பொருந்தாது. ஆனாலும் திசை சரிதான்.

அந்தத் திசையில் பார்த்தால் ஆரத்தின் முன்னால் அழுத்தம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்று. முதல் சில வாரங்களில் சிரையின் ஆரத்தைத் தீர்மானிப்பது ஓட்டம். ஓட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவது அழுத்தம். ஆரம்பத்தில் அழுத்தம் சற்றுக் குறைந்தால் ஓட்டம் சற்றுக் குறைகிறது, உரசல் குறைகிறது, விரிவு தாமதமாகிறது. தாமதமான விரிவைப் பதினாறு மடங்குக் கணக்கு பெரிதாக்கிவிடுகிறது. நல்லது நடக்கும்போது ஏறும் அதே சுழல், கெட்டது நடக்கும்போது கீழே இழுக்கிறது. முதல் நாள் முக்கியம் என்பதற்கு அளவீடும் இருக்கிறது. அமெரிக்காவில் ஏழு மையங்களில் 602 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஆறாவது வாரம் ஸ்கேனில் தெரிந்த ஓட்டத்தில் பாதிக்கு மேல் அறுவைக்கு மறுநாளே வந்திருந்தது.

2003-ல் வெளியான இன்னோர் ஆய்வு, எந்த ஃபிஸ்டுலா முதிரும், எது முதிராது என்பதை முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களைத் தேடியது. பக்கவாதம் வந்தவர்கள், 65 வயதைக் கடந்தவர்கள், ஏற்கெனவே டயாலிசிஸ் தொடங்கிவிட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்புக் குறைவு. சராசரி தமனி அழுத்தம் 85-ஓ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். சராசரி அழுத்தம் என்பது கீழ் எண்ணோடு, மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுவது. 120-க்கு 80 என்றால் 93. 110-க்கு 70 என்றால் 83. வெளிநோயாளிப் பிரிவில் 110-க்கு 70 என்று வந்தால், பிரஷர் அருமையாக இருக்கிறது என்று மருத்துவர் தட்டிக்கொடுத்து அனுப்புவார். புதிதாகத் தைத்த கைக்கு அது கோட்டுக்குக் கீழே.

இது ஒருநாள் அளவைப் பற்றியது. டயாலிசிஸ் நோயாளிக்கு அழுத்தம் ஒருநாள்கூட ஒரே நிலையில் நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் எந்த டயாலிசிஸ் கூடத்துக்குள் மூன்றாவது மணி நேரத்தில் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். இரண்டு சிகிச்சைக்கு நடுவே சிறுநீராக வெளியேறாமல் தங்கிய நீரை இயந்திரம் இழுத்துக்கொண்டிருக்கும். 60 கிலோ எடையுள்ளவரிடமிருந்து மூன்று லிட்டரை நான்கு மணி நேரத்தில் எடுப்பது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு மணிக்கு 12.5 மில்லி. 13-ஐத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்று கருதப்படுவதால் இது விளிம்பு. எடுத்த நீருக்கு ஈடாகத் திசுக்களிலிருந்து ரத்தக்குழாய்க்குள் நீர் ஊறி வரவேண்டும். ஊற்று மெதுவாக ஊறினால், கிணறு வற்றுவதுபோலக் குழாய்க்குள் ரத்தத்தின் கனஅளவு சுருங்குகிறது. முதலில் கொட்டாவி. அடுத்து கெண்டைக்காலில் குரக்களி. “சிஸ்டர், கண்ணைக் கட்டுது” என்ற குரல். செவிலியர் ஓடிவந்து பட்டையை இறுக்குகிறார்: 80-க்கு 50. கால் பக்கம் உயர்கிறது, தலை தாழ்கிறது, சலைன் சொட்டுகிறது. “என்னப்பா, நேத்து கல்யாண வீட்டுச் சாப்பாடா?” என்று ஒரு செல்லக் கண்டிப்பு. உப்பும் தண்ணீரும் கூடினால் எடுக்கவேண்டிய நீரும் கூடும் என்பதைக் கூடத்தில் எல்லோரும் அறிவார்கள்.

பத்து நிமிடத்தில் நோயாளி தெளிந்துவிடுவார். கைக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. அந்தப் பத்து நிமிடம் தலைமடையில் மட்டம் இறங்கிக் கிடந்தது. கூடவே நீரை எடுத்ததால் ரத்தம் கெட்டிப்பட்டும் இருந்தது. புவாசெயியின் விதியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எதிராகத் திரும்பிய தருணம் அது. அமெரிக்காவில் நடந்த ஹீமோ என்ற பெரிய டயாலிசிஸ் ஆய்வின் 1,426 பேரின் தரவுகளை 2011-ல் சிலர் மறுபடி புரட்டினார்கள். டயாலிசிஸின்போது மிக அடிக்கடி அழுத்தம் இறங்கியவர்களுக்கு, மிகக் குறைவாக இறங்கியவர்களைவிட ஃபிஸ்டுலா உறைந்து நின்றுபோவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஃபிஸ்டுலாவுக்குப் பதிலாகச் செயற்கைக் குழாய் பொருத்தியவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. சொந்தச் சிரைதான் அழுத்தச் சரிவுக்கு அதிகம் கூசுகிறது. சிகிச்சைக்கு உட்காரும் முன் மேல் அழுத்தம் சற்று உயர்ந்திருந்தவர்களுக்கு இரண்டு வகையிலுமே உறைதல் குறைவாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விபரீத முடிவுக்குத் தாவிவிட வாய்ப்பிருக்கிறது: அப்படியென்றால் பிரஷர் ஏறியே கிடக்கட்டும், மாத்திரையை நிறுத்திவிடலாம். இது தப்பு. காம்பனின் அந்த 29 வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளவேண்டும். பல வருடம் ஏறியே கிடந்த அழுத்தமும் சர்க்கரையும் தமனிச் சுவரைத் தடிக்கவைக்கின்றன, சுண்ணாம்பு படியவைக்கின்றன. ஃபிஸ்டுலா முதிர வேண்டுமென்றால் சிரை மட்டுமல்ல, ஊட்டும் தமனியும் விரியவேண்டும். சுண்ணாம்பு பூசிய தமனி விரியாது. அந்தக் கையில் மேல் எண் 170 காட்டினாலும், விறைத்த குழாயின் காரணமாக ஏறிய எண் அது. அதை நம்பி வாய்க்காலில் தண்ணீர் வராது. இதயத்துக்கும் மூளைக்கும் அந்த அழுத்தம் என்ன செய்யும் என்பது தனி. ஆக, இளமையில் அழுத்தம் கூடியதால் குழாய் கெடுகிறது, சிகிச்சைக்கு வந்தபின் அழுத்தம் குறைந்தால் ஃபிஸ்டுலா கெடுகிறது. ஒரே நோயாளிக்கு வெவ்வேறு வயதில் ஒரே எண்ணைப் பற்றி எதிரெதிர் அறிவுரை. அவர் குழம்பிப்போனால் குற்றம் சொல்ல முடியாது.

ரத்தம் உறைவதுதானே பிரச்சினை, உறையாமல் மருந்து கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். 877 பேரிடம் குளோபிடோக்ரெல் மாத்திரையைச் சோதித்த ஆய்வு 2008-ல் வந்தது. ஆறு வாரத்தில் உறைந்துபோனவை, மாத்திரை எடுக்காதவர்களில் 19.5 சதவீதம், எடுத்தவர்களில் 12.2 சதவீதம். நல்ல வெற்றி என்று நினைக்கும்போதே அடுத்த எண் வந்து விழுந்தது. டயாலிசிஸுக்குப் பயன்படாமல் போனவை எடுக்காதவர்களில் 59.5 சதவீதம், எடுத்தவர்களில் 61.8 சதவீதம். உறையவில்லை, ஆனால் முதிரவும் இல்லை. வாய்க்காலில் வண்டலை அள்ளியாகிவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை. இந்தத் துறையில் வந்த ஆய்வுகளிலேயே அதிகம் கற்றுக்கொடுத்தது இந்தத் தோல்விதான். பத்தில் ஆறு பயன்படாமல் போயிற்று என்பதையும் கவனிக்கவேண்டும். பிராங்ஸில் பதினான்கில் இரண்டாக இருந்தது, வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் பெருமளவில் டயாலிசிஸுக்கு வரத் தொடங்கிய பின் இப்படி ஆகிவிட்டது.

ரத்தத்தின் கெட்டித்தன்மைக்கும் ஒரு பாடம் கிடைத்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகை இருக்கும். எரித்ரோபாய்டின் ஊசி போட்டுச் சிவப்பணுக்களை ஏற்றுவார்கள். எல்லோரையும்போல முழு அளவுக்கு ஏற்றிவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று 1,233 பேரிடம் முயன்றார்கள். 1998-ல் முடிவு வெளியானது: முழு அளவுக்கு ஏற்றியவர்களில் 39 சதவீதத்தினருக்கு ரத்தவழி உறைந்தது, குறைவாக வைத்தவர்களில் 29 சதவீதத்தினருக்கு. இதனாலும்தான் டயாலிசிஸ் நோயாளிக்கு ஹீமோகுளோபின் பத்து, பதினொன்று என்றாலே மருத்துவர் நிறுத்திக்கொள்கிறார். கஞ்சத்தனம் காரணம் இல்லை.

இதுவரை அழுத்தம் ஃபிஸ்டுலாவை என்ன செய்கிறது என்று பார்த்தோம். ஃபிஸ்டுலாவும் சும்மா இருப்பதில்லை. அது அழுத்தத்தைத் தின்கிறது. தடையில்லாத குறுக்குவழி திறந்துவிட்டால் உடம்பின் மொத்தத் தடை குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, இதயம் ஈடுகட்ட வேகமாக ஓடுகிறது. 1875-ல் நிக்கோலடோனியும் 1890-ல் பிரான்ஹாமும் கவனித்துச் சொன்ன ஒரு தந்திரம் இதைக் காட்டிக்கொடுக்கும். ஓடும் ஃபிஸ்டுலாவை விரலால் அழுத்தி மூடினால் சில நொடிகளில் நாடித்துடிப்பு மெதுவாகிறது, அழுத்தம் ஏறுகிறது. விரலை எடுத்தால் பழையபடி.

இதையே மருந்தாக்கலாமே என்று ஒரு குழு யோசித்தது. எந்த மாத்திரைக்கும் அடங்காத உயர் அழுத்தம் கொண்ட 83 பேரைச் சேர்த்து, அதில் ஒரு பிரிவினருக்கு இடுப்புக்குள் தமனியையும் சிரையையும் ஒரு சின்ன உலோக வளையத்தால் இணைத்தார்கள். 2015-ல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 மி.மீ. இறங்கியிருந்தது, எந்த மாத்திரையும் பொறாமைப்படும் எண். ஆனால் வளையம் போட்டவர்களில் 29 சதவீதத்தினருக்கு அந்தப் பக்கத்துச் சிரை குறுகிப்போனது. கையில் நடப்பதுதான் இடுப்பிலும் நடந்தது. தமனியின் வேகம் திடீரென்று மோதும் இடத்தில், சிரையின் உட்சுவர் செல்கள் பெருகித் தடித்து வழியை அடைக்கும். டயாலிசிஸ் கைகளில் தையலை ஒட்டிய முதல் சில சென்டிமீட்டர் அடிக்கடி குறுகுவதற்கும் இதுதான் காரணம். ஓட்டம் குறைந்தாலும் கேடு, தாறுமாறாகச் சுழித்தாலும் கேடு.

அறுவை மேசையிலேயே செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கிளாஸ்கோ மருத்துவர்கள் காட்டினார்கள். வழக்கமாக மணிக்கட்டைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு ஃபிஸ்டுலா தைப்பார்கள். அவர்கள் 126 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் தோள்பட்டைப் பக்கம் நரம்புக் கற்றையைச் சுற்றி ஊசி போட்டு முழுக் கையையும் மரக்கவைத்தார்கள். இதில் நரம்பின் பிடி தளர்ந்து கையின் ரத்தக்குழாய்கள் எல்லாம் மலர்ந்துவிடும். மூன்று மாதத்தில் வழக்கமான ஊசிப் பிரிவில் 62 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தன, முழுக் கையும் மரத்த பிரிவில் 84. அழுத்தத்தை ஏற்றாமல், தடையைக் குறைத்து அந்த முதல் சில மணி நேரத்துக்கு ஓட்டத்தைச் சம்பாதித்துக் கொடுத்த வழி. விலை, ஓர் ஊசி.

ஜப்பானிலிருந்து வரும் எண்கள் இன்னும் வியப்பானவை. அங்கே ஃபிஸ்டுலா தைத்துப் பத்து நாளில் ஊசி குத்தத் தொடங்கிவிடுகிறார்கள், இது நடுமதிப்பு. அமெரிக்காவில் 82 நாள். அவசரப்பட்டும் ஜப்பானில்தான் அதிகம் தேறுகின்றன. மணிக்கட்டுப் பக்கத்துச் சின்னக் குழாய்களிலேயே பெரும்பாலும் தைக்கிறார்கள். அங்கே பம்பு இழுக்கும் வேகமும் குறைவு, நிமிடத்துக்கு 200 மில்லி பக்கத்தில். கேட்பது குறைவு என்றால் கை சீக்கிரம் தயாராகிவிடுகிறது என்பதும் இதில் ஒரு பங்கு. அமெரிக்காவில் 400 கேட்கிறார்கள்.

மருத்துவர் கையில் இருப்பது இவ்வளவு. நோயாளியின் கையில் இருப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். டயாலிசிஸ் கூடங்களில் பழைய நோயாளிகள் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பவை. அந்தக் கையில் பிரஷர் பட்டை கட்டக்கூடாது. பட்டை, மேல் அழுத்தத்தைத் தாண்டி இறுக்கித்தான் அளக்கிறது; அதாவது அளக்கும் அந்த அரை நிமிடம் ஃபிஸ்டுலாவின் தலைமடையையே அடைக்கிறது. அழுத்தத்தை அறியும் கருவியே அழுத்தத்தைப் பறிக்கும் விந்தை. இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், முழங்கையில் தொங்கும் காய்கறிப் பை, அந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவது எல்லாம் இதே கணக்கில் வரும். டயாலிசிஸ் அன்று காலை பிரஷர் மாத்திரையைப் போடுவதா, சிகிச்சை முடிந்து போடுவதா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும். அதற்குப் பொதுவான பதில் கிடையாது.

பிறகு, தொட்டுப் பார்ப்பது. அழுத்தம் இறங்கித் தவித்த நாளில் வீட்டுக்குப் போனதும், படுக்கும் முன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை, மறு கையின் விரல்களைத் தழும்பின்மேல் வைக்கவேண்டும். பூனை உறுமுகிறதா? உறுமல் மாறி வெறும் துடிப்பாக மட்டும் தட்டினால் மேலே எங்கோ வழி குறுகுகிறது. ஒன்றுமே தட்டவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உறைந்த கட்டி இளசாக இருக்கும்போது பலூன் செலுத்தியோ அறுவை செய்தோ எடுத்துவிட முடியும். ஓரிரு நாள் கடந்தால் அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கழுத்துச் சிரையில் பிளாஸ்டிக் குழாய், இன்னொரு கையில் புதுத் தையல், மறுபடி ஆறு வாரம்.